முட்டைக்கு முன் பிறந்த குஞ்சு

யுகேந்திரன் கையில் இருந்த மசால் வடை ஆறிப்போயிற்று. பிறந்து இருபத்தெட்டு வருஷத்தில் அவன் ஒரு வடையை ஆறவிட்டது இதுவே முதல் தடவை. எதிரே படிக்கட்டில் உட்கார்ந்திருந்த பெண் அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பான். அவளோ அழாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவனை வடையை மறக்க வைத்தது.

"மணி என்ன?" என்று கேட்டார் ராஜினி.

"ஒன்னு நாப்பது, மேடம்."

ராஜினிக்கு ஐம்பத்து நான்கு வயது. கிள்ளான் துறைமுகத்தில் இருபத்தைந்து வருஷம் சுங்க அதிகாரியாக இருந்தவர். பெட்டியின் மேல் 'பிளாஸ்டிக் பூ' என்று எழுதியிருந்தால் உள்ளே பூவைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும் என்பது அங்கே அவர் படித்த பாடம். இப்போது பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல் கடைக்கு மேலே துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். யுகேந்திரன் அவருக்கு உதவியாளன், கார் ஓட்டி, கேட்காமலே பேசுகிற வாய்.

"முதல்லேருந்து சொல்லு, தாமரை. கேம் தெரியாத ஆளுக்குச் சொல்ற மாதிரி சொல்லு."

தாமரை சொன்னாள். அவர்களுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் நடந்துகொண்டிருந்தது 'மான்ஸ்ட்ரா' என்கிற வீடியோ கேம் போட்டி. பூதங்களை முட்டையிலிருந்து பொரிக்க வைத்து, வளர்த்து, ஒன்றோடொன்று மோதவிட வேண்டும். அணிக்கு ஆறு பூதம். ஒரே வகையில் இரண்டு கூடாது. ஒரே ஆயுதத்தை இரண்டு பூதம் தூக்கக் கூடாது. ராஜ வகை இரண்டுக்கு மேல் கூடாது. பட்டியலைக் கொடுத்த பிறகு ஒன்றைக்கூட மாற்றக் கூடாது. கல்யாணத்துக்கே இத்தனை பொருத்தம் பார்ப்பதில்லை என்று யுகேந்திரன் நினைத்தான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி உண்டு. கள்ளப் பூதம் கூடாது. கணினியில் போலியாகச் செய்ததோ, அடுத்தவருடையதை நகலெடுத்ததோ அகப்பட்டால் மூன்று வருஷத் தடை. பெயரை இணையத்தில் ஊரறியப் போட்டுவிடுவார்கள்.

தாமரை அரை இறுதிக்கு வந்துவிட்டாள். மாலை நாலரைக்கு ஆட்டம். காலையில் நடுவரின் பெட்டியில் பெயர் போடாத ஒரு புகார்ச் சீட்டு விழுந்தது. 'தாமரையின் வல்காரா கள்ளப் பூதம். பிறந்த தேதி மே 7. சோதித்துப் பாருங்கள்.' சோதித்தார்கள். மே 7 தான்.

"அதுல என்ன தப்பு?" என்றார் ராஜினி.

"வல்காரா முட்டைய கம்பெனியே ஆளுக்கு ஒன்னுன்னு ஃப்ரீயா குடுத்தாங்க, ஆன்டி. குடுக்க ஆரம்பிச்சதே மே எட்டாந்தேதிதான்."

"முட்டை வர்றதுக்கு முதல் நாளே குஞ்சு பொரிஞ்சிடுச்சு," என்றான் யுகேந்திரன். "கோழியா முட்டையான்னு ஊரே மண்டைய உடைச்சுக்குது. பதில் கிள்ளான்ல உங்க வீட்டுலதான் இருந்திருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

"நாலரைக்குள்ள நான் விளக்கம் குடுக்கணும். என்னான்னு குடுப்பேன்? எனக்கே தெரியல." தாமரையின் குரல் உடைந்தது. "ஸ்கூல் கடைசி வருஷம், அஞ்சாம் படிவத்துலயும் இப்படித்தான் ஆன்டி. கணக்குப் பேப்பர்ல எனக்கும் பக்கத்துல இருந்தவளுக்கும் ஒரே தப்பு. யாரு யார பாத்து எழுதினாங்கன்னு தெரியலன்னு ரெண்டு பேருக்கும் சைபர் போட்டாங்க. உபகாரச் சம்பளம் போச்சு. அம்மா ஸ்கூல் கேட்டுக்கு வெளிய நின்னு அழுதாங்க. இப்ப கிடங்குல ராத்திரி ஷிப்ட்ல பெட்டி எண்றேன், அது பரவால்ல. இன்னொரு தடவை அம்மா முன்னால திருடியா நிக்க என்னால முடியாது."

ராஜினிக்கு ஆறுதல் சொல்ல வராது. நடுவர் கொடுத்திருந்த சோதனைத் தாளை வாங்கி விரித்தார். ஆறு பூதங்களின் பெயரும், பிறந்த தேதியும், நேரமும் நிமிஷம் வரை அச்சாகியிருந்தன.

"எதிராளிக்குக் காட்டற பட்டியல்ல இந்தத் தேதி இருக்குமா?"

"இருக்காது. பேரு, ஆயுதம், தாக்கற முறை. அவ்வளவுதான்."

"அப்ப புகார் எழுதின ஆள் வல்காராவக் கையில வச்சுப் பாத்திருக்கான். யார்கிட்ட குடுத்த?"

தாமரை தயங்கினாள். "குகன்கிட்ட. செந்தூல்ல இருக்கான். ரெண்டு பேரும் ஒன்னாதான் ப்ராக்டிஸ். ஒரு நாள் சாயந்தரம் வாங்கிட்டு அடுத்த நாளே திருப்பிக் குடுத்துட்டான். இன்னிக்கு அரை இறுதியில எனக்கு எதிரா ஆடப்போறதே அவன்தான். ஆனா அவன் அப்படிப்பட்ட ஆள் இல்ல ஆன்டி."

"எல்லாரும் அப்படிப்பட்ட ஆள் இல்லதான், மாட்டற வரைக்கும்," என்றான் யுகேந்திரன்.

ராஜினி தாளின் மேல் விரலை ஓட்டி, கைப்பேசி நாட்காட்டியில் ஒவ்வொரு தேதியாகத் தட்டிப் பார்த்தார். திங்கள், புதன், வியாழன், வெள்ளி, வியாழன், புதன்.

"தாமரை, உங்க வீட்டுல செவ்வாய்க்கிழமை நகம் வெட்டுவீங்களா?"

"ஐயோ, அம்மா கொன்னுடுவாங்க!"

"ஆறு பூதம், மூனு வருஷம். செவ்வாய், சனி ஒன்னுகூட இல்ல. முட்டைய யாரு பொரிக்க வைக்கிறது?"

"அம்மாதான்." சொன்ன பிறகுதான் தாமரைக்கே அது உறைத்தது. "நடந்தாதான் முட்டை பொரியும். அடி எண்ற வில்லை ஒன்னு இருக்கு, இடுப்புல மாட்டிக்கலாம். நான் பகல்ல தூங்குவேன். அம்மா அதை மாட்டிக்கிட்டு வாக்கிங் போவாங்க."

"போன் போடு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் அம்மா பவுனம்மாள் கிள்ளானில் ஒரு கோயிலில் ஞாயிற்றுக்கிழமை அன்னதானச் சமையல். கைப்பேசி தூக்குச்சட்டிப் பையில் கிடக்கும்.

ராஜினி சோதனைத் தாளை நாலாக மடித்து தாமரையிடம் நீட்டினார். "இதை நடுவர்கிட்டயே திருப்பிக் குடு. அவர் கண் முன்னாடி குடு. நான் இதை எடுத்துட்டுப் போகலன்னு அவருக்குத் தெரியணும். யுகே, காரை எடு."

பழைய கான்சில் கார் முக்கி முனகிக் கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால். கோயிலின் பின்கட்டில், ஆளுயர அண்டாவின் முன்னால், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தார் பவுனம்மாள். இடுப்பில் சாவிக்கொத்தோடு அந்த அடி எண்ணும் வில்லையும் தொங்கியது.

ராஜினி சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, தாமரையோட வல்காரா எப்பப் பொறந்துச்சு?"

"மே ஏழு, வியாழக்கெழம, பத்தே முக்காலுக்கு மேல," என்றார் பவுனம்மாள், கரண்டியை நிறுத்தாமல். "உத்திராடம். 'உத்திராடத்துல ஒரு புள்ளையும் ஊர்வாரியில ஒரு நெலமும்'னு சொல்வாங்க. நீங்க யாரு?"

"தாமரைக்கு வேண்டியவங்க. நிஜமா எப்பப் பொறந்துச்சு?"

கரண்டி நின்றது. பவுனம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சத்தம் போடாமல் சிரித்தார். சின்னத் திருட்டில் அகப்பட்டவரின் சிரிப்பு அது.

"சனிக்கெழம. காலையில நடந்துட்டு வரேன், முட்டை ஆட ஆரம்பிச்சிடுச்சு. அன்னிக்கு அட்டமி. மணி ஒம்போதர, ராகு காலம் வேற. அந்த நேரத்துல ஒரு உசுரு பொறக்கலாமாம்மா? அதான் கேம் செட்டுல நாளையும் மணியையும் பின்னால தள்ளி வச்சேன். போன்ல மாத்தற மாதிரிதானே. வியாழக்கெழம நல்ல நேரத்துல பொறந்துச்சு. பொறந்ததும் பழையபடி வச்சிட்டேன். யாருக்கும் ஒன்னும் நட்டமில்ல."

யுகேந்திரன் விரல்விட்டு எண்ணினான்: சனிக்கிழமை மே ஒன்பது, முட்டை கொடுக்க ஆரம்பித்த மறுநாள்.

ராஜினி நடந்ததைச் சொன்னார். புகார், தேதி, மூன்று வருஷத் தடை, நாலரை மணி. அவர் சொல்லச் சொல்லப் பவுனம்மாளின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. அங்கேயே கவிழ்த்து வைத்திருந்த ஒரு குண்டானின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நானா? நானேவா எம்புள்ளைய கெடுத்தேன்?"

சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது.

"அஞ்சாம் படிவத்துல அந்தக் கணக்குப் பரீட்சை அன்னிக்கு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ராகு காலத்துல வூட்ட விட்டு அனுப்புனேன். அதுலேர்ந்து அவ சம்பந்தப்பட்ட ஒன்ன நான் நேரம் பாக்காம வுட்டதில்ல. ஆறையும் அப்படித்தான் பாத்துப் பாத்துப் பொறக்க வச்சேன். ஒவ்வொன்னுக்கும் ஜாதகம்கூட வச்சிருக்கேன்."

"என்ன வச்சிருக்கீங்க?" என்றார் ராஜினி. யுகேந்திரனுக்கு அந்தக் குரல் தெரியும். பிளாஸ்டிக் பூ என்று எழுதிய பெட்டியைக் கண்ட குரல்.

"நாள்காட்டித் தாளு. பொறந்த அன்னிக்குள்ளத கிழிச்சி, பின்னால பேரும் மணியும் எழுதி வச்சிருவேன். சாமி படத்துக்குப் பின்னால இருக்கு."

பவுனம்மாள் கரண்டியைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு அப்படியே காரில் ஏறினார். வீடு பண்டமாரானில், ஐந்து நிமிஷம். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையில் ஆறு தாள்கள் இருந்தன. மூன்று மஞ்சள் பூத்துப் போயிருந்தன. எல்லாவற்றிலும் விபூதி வாசம்.

ஷா ஆலாமைத் தாண்டியதும் நெடுஞ்சாலையில் ஜாம். மணி மூன்று முப்பத்தைந்து. யுகேந்திரன் ஹாரன் அடித்தான், கெஞ்சினான், முன்னால் போன லோரியின் முன்னோர்களை விசாரித்தான். பின்னால் பவுனம்மாள் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு முருகனை ஒரு நிமிஷமும் சும்மா விடவில்லை.

"மேடம், இது விளக்கம்தான், ஆதாரம் இல்ல," என்று அவன் தணிந்த குரலில் சொன்னான். "பென்சில்ல யார் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் எழுதலாம். நடுவர் கேப்பாரு."

"கேப்பாரு," என்றார் ராஜினி. கைப்பேசியில் நாற்பத்தோரு பக்க விதிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். "யுகே, குகன் அணியிலயும் ஒரு வல்காரா இருக்கு. அணிப் பட்டியல இணையத்துல போட்டிருக்காங்க."

"ஆளுக்கு ஒரு முட்டைன்னு குடுத்தாங்களே, இருக்கும்தான்."

"அவன் எதுக்குப் புகார் குடுத்தான்? ஜெயிக்கவா? அதுக்கு நேத்தே குடுத்திருக்கலாம். இன்னிக்கு அவளோட மோதணும்னு ஆன பிறகு குடுத்திருக்கான்." அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. பிறகு அந்த விதியை இரண்டாம் தடவை படித்தார். "சரியான விடை எல்லாருக்கும் பொதுச்சொத்து, யுகே. தப்பு மட்டும்தான் அவங்கவங்க சொந்தச் சொத்து. வேகமா போ."

"எங்க மேடம் போறது? லோரிக்கு மேலயா?"

மண்டபத்துக்குள் நுழைந்தபோது மணி நாலு எட்டு. மேடைக்குப் பக்கத்து அறையில் தலைமை நடுவர் கமலநாதன் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் கழுத்து வரை போட்ட மனிதர். கெட்டவர் இல்லை, விதிக்கு வெளியே ஓர் அங்குலமும் நகராதவர், அவ்வளவுதான். ஒரு பக்கம் தாமரை நின்றாள். மறு பக்கம் குகன், நகத்தைக் கடித்தபடி.

பவுனம்மாளைக் கண்டதும் தாமரை, "அம்மா, நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கமலநாதன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தாமரையும் கேட்டாள். கேட்டபோது அவள் கண்கள் அம்மாவின் மேலேயே இருந்தன.

"கேம் செட்டுல மணிய மாத்தறது விதிப்படி குத்தம் இல்ல," என்றார் அவர். "நம்பணும்னு எனக்கும் ஆசைதான் மேடம். ஆனா இது பென்சில் எழுத்து. இதை வச்சு நான் எப்படி முடிவெடுக்கறது?"

"எடுக்க வேணாம். ஒரே ஒரு விதி கேக்கறேன். மேடையில ரெண்டு பக்கமும் ஒரே வகைப் பூதம் வந்தா என்ன செய்வீங்க?"

"குழப்பம் வராம இருக்க ரெண்டோட பிறப்பு அட்டையையும் பெரிய திரையில காட்டுவோம்."

"காட்டினா தேதி தெரியும், இல்லையா?" ராஜினி திரும்பினார். "தம்பி குகன், உங்க வல்காரா எப்பப் பொறந்துச்சு?"

குகனின் விரல் வாயிலேயே நின்றது. "ஞாபகம் இல்ல ஆன்டி."

"பாத்துச் சொல்லுங்க. பொறுமையா பாருங்க."

அவன் அசையவில்லை. கமலநாதன் அவனைப் பார்த்தார், ராஜினியைப் பார்த்தார், பிறகு கையை நீட்டினார். எந்த அணியையும் எந்த நேரத்திலும் சோதிக்க நடுவருக்கு உரிமை உண்டு. குகனின் கருவி மேசைக்கு வந்தது. அட்டை திரையில் விரிந்தது.

மே 7. காலை 10.52.

தாமரையின் தாளிலும் அதேதான். நிமிஷம்கூட மாறவில்லை.

"ஒரே நாள், ஒரே நிமிஷம்," என்றான் யுகேந்திரன். "இரட்டைப் பிள்ளைக்குக்கூட ரெண்டு நிமிஷம் வித்தியாசம் இருக்கும், பாஸ்."

அறையில் இருந்தவர்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் கமலநாதனின் முகம் இன்னும் இறுகியது. விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அந்தப் புரட்டல் யுகேந்திரனுக்குப் பிடிக்கவில்லை.

"ஒன்னு நகல். அது நிச்சயம். எது அசல்னு திட்டவட்டமா தெரியலன்னா, விதி பதினொன்னு நாலு..." அவர் ஒரு நொடி நிறுத்தினார். "ரெண்டு பேரும் வெளியே."

தாமரை சிரித்தாள். கேட்கச் சகிக்காத சிரிப்பு. "அன்னிக்கும் இதேதான் சொன்னாங்க, அம்மா. இதே வார்த்தை."

பவுனம்மாள் நடுவரின் முன்னால் போய்க் கைகூப்பினார். "ஐயா, என்னைத் தடை பண்ணுங்க. எம்பேர போடுங்க. அவ ஒன்னும் அறியாதவ." யுகேந்திரன் தரையைப் பார்த்துக்கொண்டான். மணி நாலு பதினெட்டு.

"ஐயா, தேதி ஒன்னா இருக்கு, சரி," என்றார் ராஜினி. "தப்பு யார் வீட்டுப் பழக்கம்னு பாத்தீங்களா? மத்த அஞ்சு பூதத்தையும் எடுங்க. நான் உங்ககிட்டயே விட்டுட்டுப் போன தாள் இருக்கில்ல? அந்த அம்மா அதைப் பாத்ததில்ல. அவங்க தாளை நீங்களே பிரிங்க."

கமலநாதன் உறையைப் பிரித்தார். முதல் தாள், மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு திங்கள். பின்னால் பென்சிலில்: 'ஆமை மாதிரி இருக்கறது. 9.41.' சோதனைத் தாள்: 9.41. இரண்டாவது, 'கொம்பு வச்சது. 9.33.' அதுவும் 9.33. மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொன்றாக வைக்க வைக்க அவருடைய கழுத்துப் பொத்தான் தளர்ந்ததுபோல் இருந்தது. ஆறும் நல்ல நேரம். ஆறும் நிமிஷம் பிசகாமல்.

"இப்ப குகனோட மத்த அஞ்சு."

செவ்வாய் மாலை மூன்றரை. சனி காலை ஒன்பதேகால். பவுனம்மாள் எட்டிப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். "ஐயோ, ரெண்டும் ராகு காலத்துலயா? யாரு பெத்த புள்ளைங்களோ!"

குகன் அப்படியே நாற்காலியில் சரிந்தான். "எனக்குக் கிடைச்ச ஒரு முட்டையில பொறந்தது சொத்தை, தாமரை. உன்னோடது அவ்வளவு பலமா பொறந்திருந்துச்சு. ஒரே ஒரு நகல்னு எடுத்தேன். தேதி தப்புன்னு நேத்துதான் பாத்தேன். பட்டியல் குடுத்தாச்சு, மாத்த முடியாது. நீ மேடைக்கு வந்தா ரெண்டு அட்டையும் திரையில வந்துடும். வேற வழி தெரியல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே, குகன்," என்றாள் தாமரை. அதற்கு மேல் அவனிடம் பேச அவளுக்கு ஒன்றும் இல்லை.

கமலநாதன் எழுதி, கையெழுத்திட்டு, நிமிர்ந்தார். "குகன் நீக்கப்படறார். தாமரை மேல குத்தம் இல்ல. இன்னொரு அரை இறுதி எப்பவோ முடிஞ்சிடுச்சு. அதனால நாலரைக்கு மேடையில நடக்கப்போறது இறுதிப் போட்டி. நாலரை அடிக்கும்போது நாற்காலியில இல்லாதவங்க தோத்தவங்க. அதுவும் விதிதான்மா. சீக்கிரம்."

மணி நாலு இருபத்தேழு.

தாமரை கருவியை வாங்கிக்கொண்டு கதவு வரை போனாள். அங்கே நின்றுவிட்டாள். திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அவள் ஏன் நின்றாள் என்று யுகேந்திரனுக்கு ஒரு நொடி பிடிபடவில்லை. பிறகு அவனுக்கும் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை. நாலரையிலிருந்து ஆறு வரை.

"ராகு காலம்மா," என்றாள் தாமரை மெதுவாக.

பவுனம்மாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு, மஞ்சளும் மிளகாய்த் தூளும் காய்ந்திருந்த விரல்களால் தன் கைக்கடிகாரத்தின் திருகைப் பிடித்து இழுத்து, பின்னால் சுற்றினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. நெற்றியைச் சுருக்கி, சரிபார்த்து, திருகை அழுத்தி உள்ளே தள்ளினார்.

"எங்கடி ராகு காலம்?" என்று கையை மகளின் முகத்துக்கு நேரே நீட்டினார். "என் மணியில மூனே முக்கால்தான் ஆவுது. போயி உக்காரு, போ."